வெயிலடித்து மழை பெய்தால் மட்டும் நின்ற பைக்

சித்திரையில் ஏழு பேர் இலங்கை மலையகத்தில் ஹட்டனிலிருந்து அப்புத்தளைக்கு பைக்குகளில் போனோம். காலையில் சுள்ளென்று வெயில், நானுஓயா தாண்டியதும் அடைமழை. நுவரெலியாவில் தேநீர் குடித்துவிட்டுக் கிளம்பினால், ஹக்கலைக்கு முன்பே என் பைக் திக்கித் திக்கி நின்றுவிட்டது.

கராஜில் பிளக்கை மாற்றினார்கள், பிளக் வயரையும் மாற்றினார்கள். பெற்றோல் சரியில்லை என்றும் சொன்னார்கள். ஆனால் ஏழு பேரும் ஒரே பெற்றோல் ஷெட்டில்தான் அடித்தோம், நின்றது என் பைக் மட்டும்தான். பெற்றோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் காபரேட்டரைக் கழுவியதும் இரண்டு நாள் நன்றாக ஓடியது. அடுத்த மழையில் பழைய கதை. இப்படியே ஒன்பது நாள் வீணாகப் போனது.

அப்புறம் ஒரு மழை விட்டதும் டாங்கி மூடியைத் திறந்தேன். வாயைச் சுற்றியுள்ள பள்ளத்தில் ஒரு கரண்டி தண்ணீர், வடியாமல் நின்றது. அது வடிய அங்கே சின்னத் துளை உண்டு. அதிலிருந்து ஒரு குழாய் பைக்கின் அடிவரை போகும். அதன் கீழ்முனையைக் குளவி மண் வைத்து அடைத்திருந்தது! வெயிலில் சூடான டாங்கியில் குளிர்ந்த மழை விழுந்தால் உள்ளே காற்று சுருங்கும். அப்போது மூடியின் காற்றுத்துளை வழியே தேங்கிய தண்ணீரை இழுத்துக்கொள்ளும். தண்ணீர் பெற்றோலைவிடக் கனம், அடியில் தங்கி நேரே காபரேட்டருக்குப் போகிறது.

பழைய பிரேக் கேபிளின் ஒற்றை இழையால் மண்ணைக் குத்தி எடுத்தேன். பள்ளத்தில் தண்ணீர் ஊற்றினேன், உடனே கீழே சொட்டியது. டாங்கியை முழுவதும் வடித்தேன். காபரேட்டர் கிண்ணத்தைக் கண்ணாடிப் போத்தலில் வடித்தபோது அடியில் தண்ணீர் தனியாக உருண்டு நின்றது.

அதன்பிறகு அதே பாதையில் மூன்று தடவை நனைந்துகொண்டே போய்விட்டேன், பைக் நிற்கவில்லை. பெரிய நிம்மதி.