ஆங்கிலத்துக்குத் தாவாமல் ஜெர்மன் பேசிப் பழகுவது எப்படி?

ஆங்கில வழியில் முதுகலை படிக்க ஜெர்மனிக்கு வருகிறோம். தமிழ் நண்பர்களோடு தங்கி, சாம்பார் வைத்துச் சாப்பிட்டே இரண்டு வருடம் ஓடிவிடுகிறது. அப்புறமும் பேக்கரியில் விரலை நீட்டித்தான் ரொட்டி வாங்குகிறோம். என் முதல் ஏழு மாதமும் அப்படித்தான் போனது. அதன்பின் நான் செய்தவை இவை. ஜெர்மன் மொழியின் தொடக்க நிலையான ஏ1 முடித்தவர்களுக்கு இதுவே போதும்.

படி 1: டான்டம் ஜோடி தேடுங்கள்

நீங்கள் ஒரு மொழி சொல்லித்தர, எதிரே இருப்பவர் ஜெர்மன் சொல்லித்தருவதுதான் டான்டம். பல பல்கலைக்கழகங்களில் மொழி மையமோ பன்னாட்டு மாணவர் அலுவலகமோ ஜோடி சேர்த்துவிடும். அலாரம் வைத்துக்கொள்ளுங்கள்: 30 நிமிடம் ஜெர்மன், 30 நிமிடம் மற்ற மொழி. அலாரம் இல்லாவிட்டால் பத்தாவது நிமிடமே இருவரும் ஆங்கிலத்தில் இருப்பீர்கள்.

படி 2: முதல் வாக்கியம் ஜெர்மனில்

இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். பழக்கம் எந்த மொழியில் தொடங்குகிறதோ, பெரும்பாலும் அதிலேயே ஓடும். ஆங்கிலத்தில் நண்பரானவரோடு ஆறு மாதம் கழித்து ஜெர்மன் பேசப் போனால் இருவருக்குமே கூச்சம். நாம் தடுமாறினால் அவர்கள் சட்டென்று ஆங்கிலத்துக்கு மாறுவார்கள். உதவி செய்கிற நினைப்புதான், கோபப்படாதீர்கள். "கொனென் வீர் டொய்ச் ஷ்ப்ரெஹன்?" (ஜெர்மனில் பேசலாமா?) என்று கேளுங்கள். மாணவர்களுக்குள் 'டூ', அதாவது நம் 'நீ'. அலுவலகத்தில் 'ஸீ', நம் 'நீங்கள்'. இந்த வித்தியாசம் நமக்குப் புதிதா என்ன!

படி 3: வாரம் ஒருமுறை, அதே இடம்

பல்கலைக்கழக விளையாட்டு வகுப்பில் சேருங்கள். கட்டணம் பெரும்பாலும் குறைவு. நான் வாலிபாலில் சேர்ந்தேன். பந்து வரும்போது இலக்கணம் யோசிக்க நேரமில்லை. 'லிங்க்ஸ்', 'ரெஹ்ட்ஸ்' என்று இடமும் வலமும் தானாக வாயில் வந்தன. ஒரே முகங்களை எட்டு வாரம் பார்த்த பிறகுதான் ஒருவன் காபிக்குக் கூப்பிட்டான். இங்கே நட்பு மெதுவாகத்தான் வேகும்.

அந்தக் காபியிலும் சொதப்பினேன். 'ஹால்ப் ட்ரை' என்றான். ஹால்ப் என்றால் அரை, ட்ரை என்றால் மூன்று. மூன்றரை என்று நினைத்து நிதானமாகப் போனேன். ஜெர்மனில் அது மூன்றுக்கு அரை மணி முன், அதாவது இரண்டரை. ஒரு மணி நேரம் காத்திருந்திருக்கிறான், பாவம்.

படி 4: திருத்தச் சொல்லுங்கள்

மரியாதைக்காகப் பலர் நம் பிழையைக் கண்டுகொள்ள மாட்டார்கள். "ஒரு நாளைக்கு ஒரே ஒரு பிழையைச் சொல்" என்று நண்பரிடம் கேளுங்கள். எல்லாவற்றையும் திருத்தினால் பேச்சே நின்றுவிடும்.

நாளைக்கே தொடங்க வேண்டுமா? மதியம் பல்கலைக்கழக உணவகமான மென்சாவில், யாராவது உட்கார்ந்திருக்கும் மேசைக்குப் போய் "இஸ்ட் ஹியர் நொஹ் ஃப்ரை?" (இங்கே இடம் காலியா?) என்று கேளுங்கள். "யா, க்ளார்" என்று பதில் வரும். உட்காருங்கள். செல்பேசியை மட்டும் வெளியே எடுக்காதீர்கள்.