மழலையரை மதிப்பிடும்போது செய்யக் கூடாதவை

அமெரிக்காவில் வறிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கான ஹெட் ஸ்டார்ட் திட்டத்தில் 2003இல் ஒரு பொதுத் தேர்வு புகுத்தப்பட்டது. நான்கு வயதை எட்டிய லட்சக்கணக்கான பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு இருமுறை ஒரே மாதிரியான கேள்விகள். முன்பு மிஷிகன் பல்கலைக்கழகத்தில் கல்வியியல் பேராசிரியராக இருந்த சாமுவேல் மைசல்ஸ் அதைக் கடுமையாக எதிர்த்தார். 2007இல் அந்தத் தேர்வு கைவிடப்பட்டது. ஆனால் அவர் எதிர்த்த பழக்கங்கள் இன்னும் பல மழலையர் வகுப்புகளில் இருக்கின்றன.

அவற்றில் மோசமானது, ஸ்கிரீனிங் (வளர்ச்சியில் சிக்கல் இருக்கக்கூடுமா என்று விரைவாகப் பார்க்கும் முதல்கட்டச் சோதனை) மதிப்பெண்ணை வைத்துப் பள்ளிச் சேர்க்கையை முடிவுசெய்வது. மைசல்ஸ் உருவாக்கிய ஸ்கிரீனிங்கில் மூன்றே முடிவுகள்தான்: சரியாக இருக்கிறது, சில வாரம் கழித்து மறுபடி பார்க்கவும், நிபுணரிடம் அனுப்பவும். 'ஒரு வருஷம் தள்ளிச் சேருங்கள்' என்ற முடிவுக்கு அதில் இடமே இல்லை. கணக்குப் போட்டால் காரணம் புரியும். 100 பிள்ளைகளில் 10 பேருக்கு உண்மையிலேயே சிக்கல் இருக்கிறது, சிக்கல் உள்ளவர்களிடமும் இல்லாதவர்களிடமும் சோதனை 80 சதவீதம் சரி என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பத்தில் 8 பேர் பிடிபடுவார்கள், 2 பேர் தப்பிவிடுவார்கள். மீதி 90 பேரில் 18 பேர் வீணாக மாட்டுவார்கள். ஆக, குறி விழுந்த 26 பேரில் உண்மையான சிக்கல் 8 பேருக்குத்தான். மற்ற 18 பேரையும் வீட்டில் உட்கார வைப்பது என்ன நியாயம்?

கேட்கும் முறையிலும் தவறு நேர்கிறது. பதில் வந்த பிறகு அதே கேள்வியைத் திரும்பக் கேட்டால், 'நாம் சொன்னது தப்பு போல' என்று பிள்ளை பதிலை மாற்றிவிடும். பழக்கமில்லாத ஆள் கேட்டால் வாயே திறக்காது. வீட்டு மொழியில் நிறங்களின் பெயரை அறிந்த பிள்ளையிடம் ஆங்கிலத்தில் கேட்டால், சோதிக்கப்படுவது ஆங்கிலமே தவிர நிற அறிவு அல்ல. தூக்க நேரம், பசி நேரம் வேண்டாம் என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

ஒரே நாள் தேர்வுக்கு மாற்றாக மைசல்ஸ் குழு வகுத்த முறையில் சரிபார்ப்புப் பட்டியல், வேலைத் தொகுப்பு (பிள்ளை செய்த வேலைகளைச் சேர்த்துவைக்கும் கோப்பு), சுருக்க அறிக்கை என மூன்று பகுதிகள் உண்டு. ஆண்டுக்கு மூன்று முறை பதிவு. தரநிலையும் மூன்றுதான்: இன்னும் வரவில்லை, வந்துகொண்டிருக்கிறது, கைவந்துவிட்டது. இதையும் கெடுக்கலாம். அழகான ஓவியங்களை மட்டும் கோப்பில் சேர்ப்பது, தேதி போடாமல் விடுவது, ஒவ்வொரு முறையும் வேறுவேறு திறனுக்கான வேலையை எடுப்பது ஆகியவை வழக்கமான சொதப்பல்கள். ஒப்பிட வேண்டுமானால் மூன்று முறையும் அதே திறனுக்கான வேலை கோப்பில் இருக்க வேண்டும்.

குறிப்பு எழுதும்போது 'கணக்கில் கெட்டி' என்று எழுதாதீர்கள். 'புளியங்கொட்டை 12ஐ மூன்று குவியலாகப் பிரித்தாள். ஒவ்வொன்றையும் தொட்டு எண்ணினாள். மொத்தம் கேட்டதும் ஒன்றிலிருந்து மறுபடி எண்ணத் தொடங்கினாள்' என்று எழுதுங்கள். அடுத்து எதைச் சொல்லித்தர வேண்டும் என்பது அந்தக் கடைசி வரியில் இருக்கிறது.