மலையாளம் தெரியாமலே கே.பி.ஏ.சி. லலிதாவைப் பார்க்கத் தொடங்குவது எப்படி?

கே.பி.ஏ.சி. லலிதாவைத் தெரியாது என்று சொல்லாதீர்கள். அலைபாயுதேயில் மாதவனுக்கு அம்மாவாக வருகிறவர் அவர்தான். தேவர் மகனை இயக்கிய பரதன் அவருடைய கணவர். திருகோணமலையில் இந்த இரண்டையும் சொன்னால் "ஓ, அவவா" என்பார்கள், அதோடு கதை முடிந்துவிடும். ஆனால் அவர் நடித்த மலையாளப் படங்கள் 550ஐத் தாண்டும் என்கிறார்கள், அதில் எதைப் பிடித்து உள்ளே நுழைவது என்பதுதான் பிரச்சினை.

நான் நுழைந்த வழி பிழையான வழி. விருது வாங்கிய படம் எது என்று தேடி, போனில் போட்டு, கீழே ஓடுகிற சப்டைட்டிலை வாசித்துக்கொண்டே இருந்ததில் இரண்டு மணித்தியாலம் போனது. முடிந்த பிறகு அந்த மனுசியின் முகம்கூட ஞாபகத்தில் இல்லை. எழுத்தைப் பார்த்த கண் முகத்தை எங்கே பார்க்கும்?

அதனால் முதலில் கண்ணை விட்டுவிட்டுக் காதால் தொடங்குங்கள். அடூர் கோபாலகிருஷ்ணனின் 'மதிலுகள்' (1990). வைக்கம் முகம்மது பஷீரின் கதை, பஷீராக மம்மூட்டி. சிறைக்குள் ஒரு பெரிய மதில், அதற்கு அந்தப் பக்கம் பெண்கள் சிறை. அங்கிருந்து நாராயணி என்ற கைதி பேசுகிறாள், தான் வந்து நிற்கிறேன் என்று காட்ட ஒரு காய்ந்த கம்பை மேலே எறிகிறாள். அவளைக் கடைசிவரை நாம் பார்ப்பதே இல்லை, குரல் மட்டும்தான். அந்தக் குரல் லலிதாவுடையது. ஹெட்செட் மாட்டிக்கொண்டு அந்தக் காட்சிகளை ஒருதரம் சப்டைட்டிலோடு பாருங்கள், அப்புறம் சப்டைட்டிலை நிறுத்திவிட்டு இன்னொருதரம். எங்கே சிணுங்குகிறாள், எங்கே சிரிப்பை அடக்குகிறாள் என்பது மொழி இல்லாமலே பிடிபடும்.

சரி, கொஞ்சம் மொழியும் வேண்டும். இதில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. சென்னையில் போய் நாம் வாய் திறந்தால் "நீங்க மலையாளியா?" என்று கேட்கிறார்கள் இல்லையா, அந்த எரிச்சலை இங்கே லாபமாக்கலாம். மலையாளத்து அம்மா "மோனே" என்று கூப்பிடும்போது யாழ்ப்பாணத்து ஆச்சியின் "என்ன மோனை" காதில் விழும். 'பறயுக' என்றால் சொல்வது, நம் பழைய ஆட்கள் 'பறையிறது' என்பார்களே, அதேதான். ஆனால் 'வெள்ளம்' என்று கேட்டதும் பதறாதீர்கள், அங்கே அது குடிக்கிற தண்ணீர். இன்னொன்று, நான் போனேன், அவன் போனான், அவள் போனாள் என்று வினையிலேயே ஆளைக் காட்டுவது நம் பழக்கம். மலையாளத்தில் எல்லாருக்கும் 'போயி' ஒன்றுதான். ஆளை முன்னால் வரும் சொல்லில் பிடிக்கவேண்டும், விட்டால் யார் போனது என்றே தெரியாது.

அந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்பதை இந்த இடத்தில் தெரிந்துகொள்வது நல்லது. காயங்குளம் பக்கத்துப் பெண், சொந்தப் பெயர் மகேஸ்வரி அம்மா. சின்ன வயதிலேயே நடனம், பிறகு நாடகம். கே.பி.ஏ.சி. என்பது 1950களில் கேரளத்தைக் கலக்கிய இடதுசாரி நாடகக் குழு, கேரளா பீப்பிள்ஸ் ஆர்ட்ஸ் கிளப். அதன் நாடகாசிரியர் தோப்பில் பாஸிதான் அவருக்கு லலிதா என்று பெயர் வைத்தார். அப்போது சினிமாவில் வேறொரு லலிதாவும் இருந்ததால் குழுவின் பெயர் முன்னால் ஒட்டிக்கொண்டது, சாகும்வரை கழரவில்லை. முதல் படம் 1969இல் வந்த 'கூட்டுகுடும்பம்', அதுவும் அதே குழுவின் நாடகத்திலிருந்து எடுத்தது. கடைசி வரிசைக்காரனுக்கும் கேட்கப் பேசிப் பழகியவர் மைக்குக்கு முன்னால் குரலை இவ்வளவு இறக்கியதுதான் எனக்கு ஆச்சரியம்.

அடுத்தது 'கொடியேற்றம்' (1977), அதுவும் அடூரின் படம். பின்னணி இசையே கிடையாது, அதனால் காதுக்கு இடைஞ்சல் இல்லை. ஊர் சுற்றித் திரிகிறவனாக நடிகர் கோபி, அவருக்கு மனைவியாக லலிதா வருகிறார். கத்தல், அழுகை எதுவும் பெரிதாக இல்லாமல் ஒரு பெண் எப்படி அலுத்துப்போகிறாள் என்று பாருங்கள்.

பிறகு சிரிப்புக்கு வாருங்கள். 'மணிச்சித்ரதாழ்' (1993), நம் சந்திரமுகிக்கு மூலம். நகைச்சுவை நடிகர் இன்னசென்ட்டோடு இவர் சேருகிற காட்சிகளில் வசனம் விளங்காவிட்டாலும் பரவாயில்லை, பேச்சின் வேகமே போதும். பேய்ப் பகுதியை ஓட்டிவிடாதீர்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை.

'அமரம்' (1991) படத்தை மட்டும் தனியாகப் பார்க்காதீர்கள். பரதன் இயக்கியது, கடற்கரை மீனவர் கதை, லலிதாவுக்கு முதல் தேசிய விருது தந்தது. நான் உப்புவெளியில் கரைவலைச் சம்மாட்டி ஒருவரின், அதாவது வலைக்குச் சொந்தக்காரர் ஒருவரின், வீட்டு விறாந்தையில் வைத்துப் பார்த்தேன். அவருக்கு மம்மூட்டியில் அக்கறை இல்லை, படத்தில் மம்மூட்டி வள்ளத்தைத் தள்ளுகிற விதத்தில் பிழை பிடித்துக்கொண்டே இருந்தார். லலிதா வாயைத் திறந்ததும் உள்ளே திரும்பி மனைவியைக் கூப்பிட்டார்: "இஞ்ச வந்து பார், உன்னை மாதிரியே ஏசுறா." மனைவி வந்து நின்று பார்த்தார், மீன் அறுத்த கையைத் துடைக்கவும் இல்லை, கடைசிவரை போகவும் இல்லை.

1998இல் பரதன் இறந்த பிறகு லலிதா கொஞ்ச காலம் நடிக்காமல் இருந்தார். சத்யன் அந்திக்காட்டின் 'வீண்டும் சில வீட்டுகார்யங்ஙள்' (1999) படத்தில்தான் திரும்பினார். முன்னும் பின்னும் வந்த படங்களை அடுத்தடுத்த நாளில் வைத்துப் பார்த்தால் குரலில் ஒரு கரகரப்பு ஏறியிருப்பதுபோல எனக்குப் படுகிறது, உங்கள் காதுக்கு எப்படியோ.

இரண்டாவது தேசிய விருது ஜெயராஜின் 'சாந்தம்' படத்துக்கு. அரசியல் கொலையும் அதில் பிள்ளைகளை இழக்கிற தாய்மாரும். நம் ஊரில் இதை லேசாக உட்கார்ந்து பார்க்கக்கூடியவர்கள் குறைவு. வீட்டில் வயதானவர்கள் இருந்தால் டிவியில் போடாதீர்கள், ஹெட்செட்டோடு போனில் பாருங்கள்.