யூபிஎஸ் பேட்டரி: ஏஹெச் கேட்கும் முன் வாட் கணக்கு போடுங்கள்

பெங்களூரில் ஏப்ரல், மே இடிமழை வந்தாலே ஏதாவது ஒரு தெருவில் மரம் சாய்ந்து கம்பி அறுந்துவிடும், அப்புறம் கரண்ட் வர மூன்று மணி நேரமும் ஆகலாம், நான்கும் ஆகலாம். அல்சூரில் எங்கள் குடியிருப்பில் அப்படி ஒரு மழைக்கு மறுநாள் யாராவது ஒருவர் வந்து, "தம்பி, யூபிஎஸ்ஸுக்கு லித்தியம் பேட்டரி போட்டுடலாமா, எத்தனை ஏஹெச் வாங்கணும்?" என்று கேட்பார். ஏஹெச்சில் தொடங்காதீர்கள் என்பதுதான் எல்லோருக்கும் நான் சொல்வது.

ஏஹெச், அதாவது பேட்டரி மேல் போட்டிருக்கும் ஆம்பியர் அவர், பாதிக் கணக்குதான். அதை வோல்ட்டால் பெருக்கினால்தான் பேட்டரியில் எவ்வளவு அடங்கும் என்பது வாட் அவரில் தெரியும். ஆயிரம் வாட் அவர் சேர்ந்தால் கரண்ட் பில்லில் வரும் ஒரு யூனிட். 12 வோல்ட், 150 ஏஹெச் டியூபுலர் பேட்டரி (லெட் ஆசிட் வகை) 1,800 வாட் அவர். 12.8 வோல்ட், 100 ஏஹெச் லித்தியம் 1,280. முதலாவதுதான் பெரியது என்று தோன்றும், ஆனால் லெட் ஆசிட்டை அடிக்கடி பாதிக்கு மேல் காலி செய்தால் தகட்டில் சல்பேட் படிந்து ஆயுள் குறைந்துகொண்டே போகும், ஆகவே அதில் நிம்மதியாக எடுக்கக்கூடியது 900 தான். நான் சொன்ன லித்தியம், அதாவது லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகையில், 90 சதவீதம், அதாவது 1,150 வரை எடுக்கலாம்.

சரி, இப்போது உங்கள் வீட்டுக் கணக்கு. கரண்ட் போனால் கட்டாயம் ஓட வேண்டியவற்றை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். பழைய ஃபேன் இரண்டும் சேர்த்து 150 வாட், எல்ஈடி டியூப் மூன்றும் சேர்த்து 60, வைஃபை ரவுட்டர் 10, லேப்டாப் 60, ஆக 280 வாட். நான்கு மணி நேரத்துக்கு 1,120 வாட் அவர். பேட்டரியின் டிசியை வீட்டுக்கான ஏசியாக மாற்றும்போது யூபிஎஸ்ஸே 15 சதவீதம் தின்றுவிடும் என்று வைத்துக்கொண்டால் பேட்டரியிலிருந்து 1,300க்கு மேல் வேண்டும். மேலே சொன்ன இரண்டு பேட்டரியும் போதாது! அதே வீட்டில் ஃபேன்களை மட்டும் தலா 30 வாட் பிஎல்டிசி (கரண்ட் குறைவாக எடுக்கும் மோட்டார் வகை) ஆக மாற்றிப் பாருங்கள், மொத்தம் 190 வாட், நான்கு மணி நேரத்துக்குச் சேதாரத்தோடு சேர்த்து 900க்குள் முடிந்துவிடும், 100 ஏஹெச் லித்தியம் தாராளமாகத் தாங்கும். அதனால்தான் பெரிய பேட்டரிக்குக் கொடுக்கும் காசில் முதலில் ஃபேனை மாற்றுங்கள் என்று பிடிவாதமாகச் சொல்கிறேன். வாட் தெரியாத சாதனம் இருந்தால் பிளக்கில் செருகும் வாட் மீட்டர் ஒன்று இங்கே எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் எஸ்.பி. ரோட்டில் வாங்கி அளந்துவிடுங்கள்.

லித்தியம் பேட்டரிக்குள் நடப்பது எளிமையானது. சார்ஜ் ஆகும்போது லித்தியம் அயனிகள் இரும்பு பாஸ்பேட் பக்கத்திலிருந்து கிராஃபைட் பக்கம் போய் உட்காருகின்றன, நாம் மின்சாரம் எடுக்கும்போது திரும்பி வருகின்றன. ஒரு செல் 3.2 வோல்ட், நான்கைத் தொடராக இணைத்தால் 12.8. நான்கில் ஒன்றின் வோல்ட் அளவுக்கு மீறி ஏறினாலோ இறங்கினாலோ இணைப்பைத் துண்டிக்கும் காவலாளிதான் பிஎம்எஸ் என்ற சர்க்யூட். அது இல்லாத பேக்கை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். கோபால்ட், நிக்கல் கலந்த வகைகளைவிட இந்த இரும்பு வகை சூட்டை நன்றாகத் தாங்கும், வீட்டுக்கு அதுதான் ஏற்றது. இந்த இரும்பு வகைக்கு வழிவகுத்த ஆரம்ப ஆராய்ச்சியில், லித்தியம் பேட்டரி முன்னோடிகளில் ஒருவரான விஞ்ஞானி ஜான் குட்இனஃபோடு உழைத்தவர் நம் தமிழ்நாட்டு ஆறுமுகம் மந்திரம். 2019இல் குட்இனஃபுக்கு நோபல் கிடைத்தபோது அவர் சார்பில் நோபல் உரையை நிகழ்த்தியதும் இவரே. எனக்கு அதில் பெருமைதான்.

பொருத்தும்போது மூன்று விஷயம் பாருங்கள். பழைய யூபிஎஸ்ஸிலேயே லித்தியம் மாட்டுவதானால் அதில் லித்தியம் செட்டிங் இருக்கிறதா என்று கேளுங்கள், ஏனென்றால் லெட் ஆசிட்டுக்காகச் சில சார்ஜர்கள் அவ்வப்போது வோல்ட்டை உயர்த்தும், அப்போது பிஎம்எஸ் கட் ஆகிவிடும். அடுத்தது, யூபிஎஸ் முகப்பில் காட்டும் பேட்டரி அளவை நம்பாதீர்கள். அது பெரும்பாலும் வோல்ட்டை வைத்துச் சொல்வது, லித்தியத்தின் வோல்ட்டோ நிறைந்திருக்கும்போதும் கால்வாசி இருக்கும்போதும் கிட்டத்தட்ட ஒன்றாகவே நிற்கும், அதனால் உள்ளே போய் வரும் ஆம்பியரை எண்ணும் பிஎம்எஸ்ஸின் ஆப் அல்லது டிஸ்பிளேதான் சரியான கணக்கு. மூன்றாவது கேபிள். 600 வாட் லோடு போட்டால் 12 வோல்ட் பக்கம் 55 ஆம்பியர் ஓடும். எங்கள் வீட்டில் ஒருமுறை டெர்மினல் நட் தளர்ந்திருந்ததைக் கவனிக்கவில்லை, பிளாஸ்டிக் தீயும் வாசனை வந்த பிறகுதான் பார்த்தோம், லக் (கேபிள் முனையில் இருக்கும் உலோக வளையம்) கைவைக்க முடியாத சூடு. அன்றிலிருந்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை யூபிஎஸ்ஸை அணைத்துவிட்டு நட்டை இறுக்கிப் பார்க்கிறேன். பேட்டரிக்குப் பக்கத்திலேயே டிசி ஃபியூஸ் ஒன்றும் போடச் சொல்லுங்கள்.

லெட் ஆசிட்டே போதும் என்றால் தப்பில்லை. டிஸ்டில்டு வாட்டர் மட்டம் பாருங்கள், சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வரும், பூஜை விளக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். மாற்றும்போது பழையதைப் புதிது வாங்கும் கடையிலேயே கொடுத்தால் ஈயத்துக்கு விலை கழிப்பார்கள். பழைய லித்தியத்தை மட்டும் காயலான் கடையில் போட்டுவிடாதீர்கள். 2022இல் வந்த பேட்டரிக் கழிவு விதிப்படி தயாரிப்பாளர் அதைத் திரும்பப் பெற வழி செய்ய வேண்டும், வாங்கும்போதே அதைக் கேட்டு பில்லோடு எழுதி வையுங்கள்.