அக்கா, தம்பி, ஒரு பழைய சைக்கிள்: உடன்பிறந்தோரை வைத்துச் சிறார் நாவல் எழுதும் முறை

8 முதல் 12 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு நாவல் எழுத உட்காருபவர்கள் பலரும் அண்ணன் தங்கையை ஒரு புதையல் வேட்டைக்கோ, பேய் பங்களாவுக்கோ அனுப்பிவிடுகிறார்கள். அங்கே அவர்கள் வெறும் இரண்டு துப்பறிவாளர்கள். உடன்பிறந்தவர்கள் என்பதை எடுத்துவிட்டு நண்பர்கள் என்று போட்டாலும் கதை அப்படியே ஓடும். அப்படி ஓடினால் அது உடன்பிறந்தோர் கதை இல்லை. ஒரே வீட்டில் வளர்ந்தாலும் பெரியவளுக்கு ஒரு வீடு, சின்னவனுக்கு வேறொரு வீடு. இந்த இடைவெளிதான் கதையை ஓட்ட வேண்டும். முதல் வரி எழுதுவதற்கு முன்பே அதற்கான ஏற்பாட்டைச் செய்துவிட வேண்டும்.

1. வயதும் எண்ணிக்கையும்

முதல் நாவலுக்கு இரண்டு பேர் போதும். மூவர் என்றால் ஒருவர் எப்போதும் வசனம் இல்லாமல் நின்றுகொண்டிருப்பார். பிள்ளைகள் தங்களைவிட ஓரிரு வயது மூத்தவர்களைப் பற்றிப் படிக்க விரும்புவார்கள். அதனால் மூத்த பாத்திரத்துக்கு 12, இளையதற்கு 9 என்று வையுங்கள். மூன்று வயது இடைவெளி மிகவும் உதவும்: ஒன்றாக விளையாடவும் முடியும், "உனக்கு ஒண்ணும் புரியாது" என்று சொல்லவும் முடியும். ஏழு வயது இடைவெளி வைத்தால் மூத்தவர் பாதிப் பெற்றோராகிவிடுவார், சண்டை சமமாக இருக்காது.

இந்த விளக்கம் முழுக்க ஒரே உதாரணத்தை வைத்துக்கொள்வோம். கயல், 12. செழியன், 9. இறந்துபோன தாத்தாவின் சைக்கிள் கடையை மே 31க்குள் காலி செய்ய வேண்டும். உள்ளே தாத்தா ஓட்டிய பழைய சைக்கிள் நிற்கிறது.

2. வரவு செலவுப் பக்கம்

கோடு போட்ட நோட்டில் நடுவே ஒரு கோடு கிழியுங்கள். இடப்பக்கம் மூத்தவளுக்குக் கிடைத்து இளையவனுக்குக் கிடைக்காதவை, வலப்பக்கம் அதற்கு நேர்மாறு. பக்கத்துக்குக் குறைந்தது பத்து வேண்டும். யார் ஃபேனுக்கு நேர்கீழே படுக்கிறார், யாருக்குப் பழைய புத்தகப் பை வந்து சேர்கிறது, யார் மடியில் உட்காரும் வயதைத் தாண்டிவிட்டார், யாரைக் கடைக்கு அனுப்புகிறார்கள், யார் சின்ன வயதுப் போட்டோ சுவரில் இருக்கிறது. முதல் நான்கைந்து எல்லோருக்கும் தோன்றுபவை. ஏழாவதிலிருந்து வருபவைதான் உங்கள் கதைக்கு உரியவை.

கயலின் பக்கத்தில் ஏழாவது: தாத்தா அவளுக்குப் பஞ்சர் ஒட்டக் கற்றுக்கொடுத்தார். செழியன் பக்கத்தில்: தாத்தா தினமும் அவனைக் கேரியரில் உட்காரவைத்துப் பள்ளிக்கூடம் கூட்டிப்போனார். ஒரே தாத்தாதான், ஆனால் இருவரும் இழந்தது ஒன்றல்ல.

3. ஒரே பொருள், இரண்டு நியாயம்

இங்கேதான் நிறைய நேரம் செலவழிக்க வேண்டும். ஒருவர் நல்லவர், ஒருவர் அடம்பிடிப்பவர் என்று வைத்தால் கதை பத்தாம் பக்கத்தில் முடிந்துவிடும். இருவர் பக்கமும் நியாயம் இருக்க வேண்டும்.

ஜூனில் கயல் பக்கத்து ஊர்ப் பள்ளியில் சேர்கிறாள். வாலிபால் பயிற்சி முடிவதற்குள் கடைசி பஸ் போய்விடும். சைக்கிள் இல்லையென்றால் வாலிபால் இல்லை. பாரம் குறைய வேண்டும் என்பதால் துருப்பிடித்த கேரியரைக் கழற்றப் பார்க்கிறாள். செழியனுக்கு அந்தச் சைக்கிளில் வேண்டியதே கேரியர் மட்டும்தான். ஆனால் அதை அவனால் சொல்ல முடியவில்லை. ஒன்பது வயதில் அதற்கான வார்த்தைகள் இருக்காது, இருக்கவும் கூடாது. அவன் வாயில் அதைப் பேச்சாக வைத்தால் அங்கே ஒலிப்பது எழுத்தாளரின் குரல்தான்.

4. பெரியவர்களை நகர்த்துவது

அப்பா திருப்பூரில் வேலை, அம்மா காலையில் போய் இரவு திரும்புகிறார், பாட்டிக்கு முழங்கால் வலி. இதுவே போதும், பெற்றோரைக் கொல்ல வேண்டியதில்லை. போனுக்கும் ஒரு வழி செய்துவிடுங்கள். வீட்டில் இருக்கும் ஒரே போன் அம்மாவோடு போய்விடுகிறது என்று இரண்டாம் அத்தியாயத்திலேயே காட்டிவிட வேண்டும். இல்லையென்றால் ஒவ்வொரு சிக்கலிலும் வாசகர் "அம்மாவுக்குப் போன் பண்ண வேண்டியதுதானே" என்று கேட்பார்.

5. அளவும் அத்தியாயமும்

24 அத்தியாயம், ஒவ்வொன்றும் சுமார் 900 சொல், மொத்தம் 21,600. ஆங்கிலச் சிறார் நாவல்களின் சொல் எண்ணிக்கையைப் பார்த்து மலைக்க வேண்டாம். வேற்றுமை உருபுகள் தமிழில் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால் அதே விஷயத்துக்குக் குறைந்த சொற்களே ஆகும். நாளுக்கு 500 சொல், வாரத்துக்கு ஐந்து நாள் என்றால் ஒன்பது வாரத்தில் முதல் வரைவு கையில் இருக்கும்.

9 முதல் 13 வரையிலான அத்தியாயங்களில் கதை தொய்யும். காரணம், அங்கே இருவரும் ஒத்துப்போய்ச் சைக்கிளைப் பழுது பார்த்துக்கொண்டிருப்பார்கள். வேலை நடக்கும், கதை நகராது. அந்த இடத்தில் ஒருவர் மறைத்ததை இன்னொருவர் கண்டுபிடிக்கட்டும். 11ஆம் அத்தியாயத்தில், கயல் கேரியரைப் பழைய இரும்புக் கடைக்கு விலை பேசிவிட்டது செழியனுக்குத் தெரியவருகிறது.

6. சண்டைக் காட்சி

தமிழ் இங்கே நமக்கு ஒரு பெரிய வசதியைத் தருகிறது. அண்ணன், அக்கா, தம்பி, தங்கை என்று எந்தச் சொல்லை எடுத்தாலும் மூத்தவரா இளையவரா என்பது அதிலேயே இருக்கிறது. சின்னவர் பெரியவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடாத வீட்டில், ஒருநாள் கூப்பிட்டுவிட்டால் அதுவே ஒரு சம்பவம்.

"கேரியரைக் கழட்டுறேன். வண்டி லேசா இருக்கும்."

"கழட்டக் கூடாதுக்கா."

"துருப்பிடிச்சுப் போச்சுடா. யாரு உக்காரப் போறா?"

செழியன் ஸ்பேனரை எடுத்து டிரவுசர் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான். டிரவுசர் ஒரு பக்கம் இறங்கியது. இடது கையால் பிடித்துக்கொண்டான்.

"குடு."

"மாட்டேன் கயல்."

இதற்குக் கீழே "அவன் அக்கா என்று சொல்லவில்லை" என்று எழுதத் தோன்றும். எழுதாதீர்கள். ஒன்பது வயது வாசகர் அதை உங்களுக்கு முன்பே கேட்டுவிடுவார். "எனக்குத் தாத்தா ஞாபகம் வருது" என்ற வரியும் வேண்டாம். ஸ்பேனரின் கனத்தில் இறங்கும் டிரவுசரைப் பிடித்துக்கொண்டு நிற்பவனைப் பார்த்தாலே அது தெரிகிறது.

7. யார் கண்ணால்?

அதிகம் மாற வேண்டியவர் யாரோ, அவர் கண்ணால் சொல்லுங்கள். இங்கே கயல். இருவர் பார்வையிலும் மாறி மாறி எழுத ஆசை இருந்தால் ஒரு சோதனை செய்யுங்கள்: பெயர்களை மறைத்துவிட்டு எந்தப் பத்தி யாருடையது என்று மற்றவரைக் கேளுங்கள். தடுமாறினால் ஒரு பார்வையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

8. நடை

கதை சொல்லும் பகுதி எளிய எழுத்துத்தமிழில், வசனம் பேச்சுத்தமிழில். "வந்துட்டேன்" என்று ஓரிடத்திலும் "வந்திட்டேன்" என்று இன்னோரிடத்திலும் வராமல் இருக்க, பேச்சு வடிவங்களுக்குத் தனியாக ஒரு தாளில் பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள். "போய், எடுத்து, துடைத்து, மாட்டிவிட்டு வந்து" என்று எச்சங்கள் மூன்றுக்கு மேல் அடுக்கினால் சின்ன வாசகருக்கு மூச்சு வாங்கும். வாக்கியத்தை உடையுங்கள். ஆனால் "குரங்குப் பெடல்" போன்ற உயிருள்ள சொல் வந்தால் விளக்கம் சேர்க்காமல், கயல் பாருக்கு அடியில் காலைவிட்டு மிதிப்பதைக் காட்டுங்கள்.

9. முடிவு

"நீதானே பெரியவ, விட்டுக்கொடு" என்று பாட்டி சொல்லி, கயல் விட்டுக்கொடுத்து முடிந்தால் நாவல் தோற்றுவிட்டது. வீட்டில் தினமும் கேட்கும் அநியாயத்தையே புத்தகமும் சொன்னால், மூத்த பிள்ளைகள் அடுத்த புத்தகத்தை எடுக்க மாட்டார்கள். தீர்வு பிள்ளைகள் கையால் நடக்க வேண்டும், அதற்கு ஏதாவது விலையும் இருக்க வேண்டும். கயல் கேரியரை விட்டுவைக்கிறாள், பாரத்தைக் குறைக்கச் செயின் கவரையும் ஸ்டாண்டையும் கழற்றுகிறாள். இனி நிறுத்தும் இடத்தில் எல்லாம் சைக்கிளைச் சுவரில்தான் சாய்க்க வேண்டும். செழியன் ஸ்பேனரைத் திருப்பித் தருகிறான். அடுத்த பக்கத்திலேயே வேறு எதற்காவது சண்டை வரட்டும், ஆனால் இந்தமுறை "அக்கா" இருக்கட்டும்.

10. பிள்ளைகளிடம் சோதனை

வரைவை ஒரு மாதம் தொடாமல் வையுங்கள். பிறகு 9 முதல் 12 வயதுக்குள் இருக்கும் இரண்டு மூன்று பிள்ளைகளுக்குச் சத்தமாகப் படித்துக்காட்டுங்கள். முடிந்தால் அவர்களில் இருவர் உடன்பிறந்தவர்களாக இருக்கட்டும். "நல்லா இருக்கா?" என்று கேட்டால் மரியாதைக்குத் தலையாட்டுவார்கள். "அடுத்து என்ன ஆகும்?" என்று கேளுங்கள். பதில் வராத அத்தியாயத்தில் கேள்வியே எழவில்லை என்று பொருள். அவர்கள் காலை ஆட்டும் இடங்களில் ஓரத்தில் பென்சிலால் கோடு போடுங்கள். படித்து முடித்ததும் கேரியர் விஷயத்தில் யார் செய்தது சரி என்று கேளுங்கள். எல்லோரும் ஒரே பெயரைச் சொன்னால் 3ஆம் படிக்குத் திரும்பிப் போங்கள். அந்த இருவரும் ஆளுக்கொரு பெயர் சொல்லி வாதாட ஆரம்பித்தால் பதிப்பாளருக்கு அனுப்பலாம்.