மீட்கப் போய் அழித்துவிடாதீர்கள்

இணையதளம் விழுந்துவிட்டது என்று தெரிந்ததும் பெரும்பாலோர் செய்யும் முதல் காரியம், தளம் குடியிருக்கும் ஹோஸ்டிங் கணக்கைத் திறந்து, நேற்றைய பேக்கப்பை (காப்புப் பிரதியை) தேடி ‘ரீஸ்டோர்’ பொத்தானை அழுத்துவது. பதற்றத்தில் மறந்துபோவது ஒன்றுதான்: மீட்பு என்பது அழித்து எழுதும் வேலை. பழைய பிரதி வந்து உட்காரும் இடத்தில் இப்போது இருப்பது போய்விடும்.

ஆகவே உடைந்த தளத்தை அது கிடக்கிற கோலத்திலேயே ஒரு பிரதி எடுத்து உங்கள் கணினியில் இறக்கிக்கொள்ளுங்கள். உடைந்ததை வைத்து என்ன செய்வது என்று கேட்பார்கள். நேற்றிரவு பேக்கப் ஓடியபின் இன்று காலை வந்த ஆர்டர்களும் வாசகர் கடிதங்களும் தளத்தின் தரவுகளைச் சேமிக்கும் அந்த உடைந்த டேட்டாபேஸில்தான் இருக்கின்றன. சிபேனல் என்ற நிர்வாகப் பலகை உள்ள ஹோஸ்டிங் கணக்குகளில் அஞ்சல் பெட்டிகளும் அதே கணக்கின் முதன்மைக் கோப்புறையான ஹோம் கோப்புறைக்குள்தான் கிடக்கும். தளத்தைச் சரிசெய்ய முழுக் கணக்கையும் மூன்று நாள் பழைய பேக்கப்பால் மீட்டால், மூன்று நாள் அஞ்சலும் சேர்ந்து போகக்கூடும். கெட்டது எதுவோ அதை மட்டும் மீட்டால் போதும்.

இங்கே இன்னொரு ஏமாற்றமும் காத்திருக்கிறது. சிபேனலில் நீங்களே இறக்கி வைத்த ‘முழு பேக்கப்’பை நீங்களே மீட்க முடியாது, சர்வரின் நிர்வாக உரிமை உள்ளவரால்தான் முடியும். ஹோம் கோப்புறை, டேட்டாபேஸ் என்று தனித்தனியாக எடுத்தவற்றை மட்டுமே பயனர் திரும்ப ஏற்றலாம். நள்ளிரவில் இதைக் கண்டுபிடிப்பது இனிய அனுபவம் அல்ல.

ஹேக் செய்யப்பட்ட தளத்தில் பழைய கோப்புகளை மேலேயே கொட்டுவது அடுத்த தவறு. அப்படிச் செய்தால் ஒரே பெயருள்ள கோப்புகள் மட்டும் மாறும். ஹேக்கர் புதிதாக நுழைத்தவை அப்படியே இருக்கும். தளம் நடத்தும் மென்பொருளான வேர்ட்பிரஸின் ‘அப்லோட்ஸ்’ கோப்புறையில் படங்களுக்கு நடுவே ஒரு பிஎச்பி நிரல் கோப்பு ஒளிந்திருந்தால் இரண்டு நாளில் பழைய கதை திரும்பும். பழைய கோப்புறையை இணையத்தில் தெரியாத இடத்துக்கு நகர்த்திவிட்டு, காலியான கோப்புறையில் மீட்க வேண்டும். ஊடுருவல் எப்போது நடந்தது என்று பாராமல் கடைசி பேக்கப்பை நம்பவும் கூடாது. அதற்குள்ளேயே நோய் இருக்கலாம். ஹோஸ்டிங், எஃப்டிபி (கோப்புகளை ஏற்றி இறக்கும் வழி), டேட்டாபேஸ், நிர்வாகி ஆகிய எல்லாக் கடவுச்சொற்களையும் மாற்றாமல் தளத்தைத் திறப்பது, திருடனிடம் சாவி இருக்கும்போதே கதவுக்குப் புதுப் பெயின்ட் அடிப்பது போல.

தமிழ்த் தளங்களுக்கென்றே ஒரு கண்டம் உண்டு. நான் பார்த்துக்கொண்ட ஒரு சிற்றிதழின் தளத்தைப் புதிய சர்வரில் ஏற்றியபோது, பத்தாண்டுக் கட்டுரைகளும் வெறும் கேள்விக்குறிகளாக நின்றன. காரணம் எளிது. எழுத்துகளை பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ‘த’ என்ற எழுத்துக்கு 3 பைட். ‘தி’ என்றால் 6. இடையில் எங்காவது ஒரு மென்பொருள் இதை, ஓர் எழுத்துக்கு ஒரே பைட் என்று கணக்கிடும் லத்தீன்-1 முறை என்று எடுத்துக்கொண்டால் எழுத்து சிதறிவிடும். சிதறுவதில் இரண்டு வகை. மேலே கோடு போட்ட ஆங்கில ‘ஏ’க்களும் வட்டத்துக்குள் ‘ஆர்’ குறிகளும் அணிவகுத்தால், பைட்டுகள் பெரும்பாலும் பத்திரமாக இருக்கின்றன, திருப்பிவிடலாம். கேள்விக்குறிகள் வந்தால் அந்த டேட்டாபேஸில் தமிழ் பெரும்பாலும் உண்மையிலேயே போயிருக்கும். டேட்டாபேஸின் பிரதியான மூல எஸ்கியூஎல் கோப்புக்குத்தான் திரும்ப வேண்டும். அதை ஒரு எடிட்டரில் திறந்து பாருங்கள். உள்ளே தமிழ் தமிழாகத் தெரிந்தால் கோளாறு ஏற்றும்போது நடந்தது: எழுத்துமுறையை யூடிஎஃப்8எம்பி4 (யூடிஎஃப்-8க்கு டேட்டாபேஸில் உள்ள பெயர்) என்று குறிப்பிட்டு மறுபடி ஏற்றினால் போதும். எங்கள் கோப்பில் தமிழ் தெரிந்தது, பிழைத்தோம். எதுவானாலும், சிதைந்த நிலையில் யாரும் ஒரு கட்டுரையைத் திறந்து ‘சேமி’ அழுத்திவிடக் கூடாது.

அதே எடிட்டரில் தள முகவரியையும் தேடி மாற்றிவிடலாம் என்று கை அரிக்கும். வேண்டாம். வேர்ட்பிரஸ் பல அமைப்புகளைச் சேமிக்கும்போது, உரையோடு அதன் நீளத்தையும் பைட் கணக்கில் எழுதி வைக்கிறது. ‘எச்டிடிபி’யை ‘எச்டிடிபிஎஸ்’ ஆக்கினால் ஓர் எழுத்து கூடும், எழுதிவைத்த நீளம் பழையதாகவே இருக்கும். விட்ஜெட் என்ற பக்கப் பெட்டிகளும் தோற்றத்தைத் தீர்மானிக்கும் தீம் அமைப்புகளும் சத்தமில்லாமல் காணாமல் போகும். வேர்ட்பிரஸைக் கட்டளைகளால் இயக்கும் கருவியான டபிள்யூபி-சிஎல்ஐயின் தேடி மாற்றும் கட்டளை இந்தக் கணக்கையும் சேர்த்துத் திருத்தும்.

சிறு தவறுகள் சில. பெரிய டேட்டாபேஸை, உலாவியிலேயே அதைக் கையாளும் பிஎச்பிமைஅட்மின் வழியாக ஏற்றிப் பாதியில் நின்றதைக் கவனிக்காமல் விடுவது. கோப்புகளை ஒரு தேதியிலிருந்தும் டேட்டாபேஸை வேறொரு தேதியிலிருந்தும் எடுப்பது. இறக்கிய பேக்கப் ஜிப்பைத் தளத்தின் பொதுக் கோப்புறையிலேயே விட்டுவிடுவது. பெயரை ஊகித்த எவரும் அதை இறக்கலாம், அதற்குள் டேட்டாபேஸ் கடவுச்சொல்லும் இருக்கும்.

பேக்கப் எங்கே இருக்கிறது என்பது மீட்கும் நாளில்தான் பலருக்கு நினைவு வருகிறது. 2021 மார்ச் 10 அன்று பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓவிஎச் என்ற ஹோஸ்டிங் நிறுவனத்தின் தரவு மையம் எரிந்தபோது, தளத்தையும் பேக்கப்பையும் அங்கேயே வைத்திருந்த வாடிக்கையாளர்கள் இரண்டையும் இழந்தார்கள். மென்பொருள் நிரல்களைச் சேமித்துவைக்க இடம்தரும் கிட்லேப் நிறுவனத்தின் கதை வேறு. 2017 ஜனவரி 31 அன்று ஒரு பொறியாளர் தவறான சர்வரில் டேட்டாபேஸ் கோப்புறையை நீக்கிவிட்டார். தினசரி பேக்கப்பைத் தேடினால் எதுவுமில்லை. மென்பொருள் பதிப்பு பொருந்தாததால் அது தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்களும் போய்ச் சேரவில்லை. தற்செயலாக 6 மணி நேரம் முன்பு எடுத்த ஒரு பிரதிதான் காப்பாற்றியது.

இப்படி ஆகாமல் இருக்க, மூன்று மாதத்துக்கு ஒருமுறை உங்கள் தள முகவரிக்குக் கீழே அமைத்த ஒரு துணை டொமைனில் பேக்கப்பை ஏற்றிப் பாருங்கள். அதற்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. கடை நடத்தும் தளமானால், சோதனைப் பிரதியை இயக்கும் முன் அதன் மின்னஞ்சலையும் பணம் பெறும் இணைப்பையும் துண்டித்துவிடுங்கள். அந்தப் பிரதிக்குத் தான் பிரதி என்று தெரியாது. உண்மையான வாடிக்கையாளர்களுக்கே மறுபடி ரசீது அனுப்பத் தொடங்கிவிடும்.