கந்தோர் வேலையோடு பொது நிர்வாக முதுமாணி: யாழ்ப்பாணத்திலிருந்து தொடங்குவது எப்படி?

முதுமாணி படிக்கப் போகிறேன் என்றதும் எல்லோரும் கேட்பது "எங்கே?" என்றுதான். நானும் அதிலிருந்துதான் தொடங்கினேன், பிழை விட்டேன். விண்ணப்பப் படிவம் கைக்கு வந்த பிறகுதான் அதில் "ஆய்வுத் தலைப்பு" என்று ஒரு கட்டம் இருப்பதையே பார்த்தேன். ஆகவே ஒழுங்கை மாற்றிச் சொல்கிறேன்.

படி 1: பிரமாணக் குறிப்பை வாசியுங்கள்

பதவி உயர்வுக்காகப் படிப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் உங்கள் சேவைப் பிரமாணக் குறிப்பு (சேவையின் ஆட்சேர்ப்பு, பதவி உயர்வு விதிகள் உள்ள ஆவணம்) முதுமாணி என்று பொதுவாகச் சொல்கிறதா, துறையையும் நிறுவனத்தையும் பற்றி ஏதும் நிபந்தனை வைக்கிறதா என்று நீங்களே பாருங்கள். பக்கத்து மேசைக்காரர் சொன்னதை நம்பிக் காசு கட்டவேண்டாம்.

எம்.பி.ஏ. என்ற வணிக நிர்வாக முதுமாணியா, பொது நிர்வாக முதுமாணியா என்று குழம்புபவர்களுக்கு ஒரு வார்த்தை. கடைக்காரருக்கு ஒரு பொருள் இலாபம் தராவிட்டால் அதை விற்காமல் விடலாம். பிரதேச செயலாளர் கவுண்டருக்கு வந்த யாரையும் "உங்களால் எங்களுக்கு இலாபமில்லை" என்று அனுப்ப முடியாது. அந்த வித்தியாசத்தைச் சுற்றித்தான் இந்தப் படிப்பே நடக்கிறது: அரச வரவு செலவு, கொள்கைப் பகுப்பாய்வு, ஆளணி, அதிகாரப் பகிர்வு, கொஞ்சம் புள்ளிவிபரவியல்.

படி 2: தலைப்பை உங்கள் கோப்பிலேயே தேடுங்கள்

இதில்தான் கூட நேரம் செலவழிக்க வேண்டும்.

நான் முதலில் எழுதிக் கொண்டுபோன தலைப்பு "வட மாகாணத்தில் பொது நிர்வாகம் எதிர்கொள்ளும் சவால்கள்". வாசித்த ஓய்வுபெற்ற விரிவுரையாளர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: "பிள்ளை, இது தலைப்பில்லை, ஒரு மாகாணம்."

அப்புறம் என் மேசையில் கிடந்த சுற்றறிக்கைக் கோப்பைப் புரட்டினேன். ஒவ்வொரு சுற்றறிக்கையின் தலையிலும் அது வெளியான திகதி இருக்கிறது. மூலையில், எங்கள் கந்தோருக்கு வந்த நாளில் குத்திய வரவு முத்திரை. சிலவற்றுக்குச் சிங்களப் பிரதி முதலில் வந்து, தமிழ்ப் பிரதி பிறகு வந்திருந்தது. இரண்டிலும் முத்திரை தனித்தனியே. அந்த இரண்டு முத்திரைகளுக்கும் இடையில் எத்தனை நாள்? அந்த நாட்களில் கவுண்டருக்கு வந்தவர்களுக்கு நாங்கள் என்ன சொன்னோம்?

தலைப்பு வந்துவிட்டது. அரசியலமைப்பின் 1987இன் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. 1988இன் 16ஆவது திருத்தம் வடக்கிலும் கிழக்கிலும் தமிழை நிர்வாக மொழியாக்கியது. சட்டம் ஒரு பக்கம், வரவு முத்திரை மறுபக்கம். நடுவில் உள்ள இடைவெளிதான் ஆய்வு. எழுத்து மூல விதிகளும் கோப்புகளுமே அதிகாரிகள் ஆட்சியின் அடித்தளம் என்று ஜேர்மன் சமூகவியலாளர் மாக்ஸ் வேபர் சொன்னதைப் பரீட்சைக்காகப் பாடமாக்கத் தேவையில்லாமல் போய்விட்டது. கோப்பே கையில் இருந்தது.

நீங்களும் இப்படிச் செய்து பாருங்கள். ஒரு கிழமைக்கு, கவுண்டரில் திரும்பத் திரும்ப வரும் ஒரே முறைப்பாட்டைக் குறித்து வையுங்கள். அதை எண்ணால் அளக்க முடியுமா என்று பாருங்கள், நாள், பக்கம், தடவை, எதுவானாலும் சரி. அப்புறம் அளவைச் சுருக்குங்கள். யாழ்ப்பாண மாவட்டத்தில் 15 பிரதேச செயலாளர் பிரிவுகள் இருக்கின்றன. மூன்றை எடுத்தாலே படிப்பின் இரண்டு வருடம் போதாது.

மற்றக் கந்தோர்களின் தகவல் வேண்டுமென்றால் முதலில் நேரில் போய்க் கேளுங்கள். சரிவராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. கோரிக்கை கிடைத்து 14 வேலை நாட்களுக்குள் தகவல் அலுவலர் தன் தீர்மானத்தைச் சொல்ல வேண்டும்.

படி 3: இப்போது "எங்கே?"

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் தொடங்குங்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் உயர்பட்டப் படிப்புகள் பீடம் விண்ணப்பம் கோரும் அறிவித்தல்களைக் கவனியுங்கள். கொழும்பு என்றால் ஸ்ரீ ஜயவர்தனபுர பல்கலைக்கழகத்தோடு இணைந்த பட்டப்பின் முகாமைத்துவ நிறுவகம், கொழும்பு 7இல் இலங்கை அபிவிருத்தி நிர்வாக நிறுவகம் (ஸ்லிடா என்றால்தான் பலருக்கும் விளங்கும்) இரண்டையும் பாருங்கள்.

கொழும்பைத் தெரிவுசெய்யுமுன் வார இறுதியைக் கணக்குப் பாருங்கள். வெள்ளி இரவு பஸ், ஏறக்குறைய 400 கிலோமீற்றர், விடிய வெள்ளவத்தையில் இறக்கம், யாராவது சொந்தக்காரர் வீட்டில் குளிப்பு. ஞாயிறு இரவு திரும்பவும் பஸ். திங்கள் காலை கைரேகை இயந்திரத்தில் விரல் வைக்கும்போது கண் தானாக மூடும். சின்னப் பிள்ளைகள் இருந்தால் வீட்டில் முதலே பேசிவிடுங்கள்.

இன்னொரு கணக்கும் உண்டு. பட்டங்களை மட்டம் மட்டமாகப் பிரிக்கும் இலங்கைத் தகைமைக் கட்டமைப்பில் பாடநெறி மட்டுமுள்ள முதுமாணி 9ஆம் மட்டம், 30 கிரெடிட். ஆய்வும் சேர்ந்தது 10ஆம் மட்டம், 60 கிரெடிட். ஒரு கிரெடிட் என்றால் 50 மணித்தியாலப் படிப்பு. அதாவது 30 கிரெடிட்டுக்கு 1500 மணித்தியாலம். இரண்டு வருடத்தில் பிரித்தால் கிழமைக்குப் பதினான்கு, பதினைந்து மணித்தியாலம். 60 என்றால் இரட்டிப்பு. பிறகு கலாநிதிப் பட்டம் பற்றி ஒரு நினைப்பாவது இருந்தால் இரண்டாவதையே எடுங்கள்.

படி 4: கடதாசிகள்

பட்டச் சான்றிதழ், பெறுபேற்று விபரம், நியமனக் கடிதம், சேவைச் சான்று, சிபாரிசு இரண்டு. இதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். தெரியாதது பெயர். என் பிறப்புச் சான்றிதழில் அப்பாவின் பெயர் ஒரு மாதிரி, பட்டத்தில் ஆங்கில எழுத்துக்கூட்டல் இன்னொரு மாதிரி. ஒரே ஒரு எழுத்துத்தான் கூட. அதற்காகச் சத்தியக் கடதாசி முடிக்க மூன்று நாள் அலைந்தேன், முடிவுத் திகதிக்கு முதல் நாள்தான் கையில் கிடைத்தது. இன்றைக்கே எல்லாச் சான்றிதழையும் மேசையில் பரப்பி, பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள்.

படி 5: அனுமதி

லீவு பற்றித் தாபனக் கோவையின் (அரச ஊழியருக்கான விதித் தொகுப்பு) 12ஆம் அத்தியாயத்தை வாசித்துவிட்டு நிருவாகப் பகுதிக்குப் போங்கள். வாசிக்காமல் போனால் நாளைக்கு வரச் சொல்வார்கள். சம்பளத்தோடு கல்வி லீவு என்றால் பிணைமுறி (படித்த பிறகு இத்தனை காலம் சேவையில் இருப்பேன் என்ற ஒப்பந்தம்) பற்றியும் கேளுங்கள். வார இறுதி வகுப்பானாலும் மேலதிகாரிக்கு எழுத்தில் அறிவியுங்கள்.

அதே மூச்சில், கோப்புகளை ஆய்வுக்குப் பயன்படுத்த அனுமதி கேட்டுத் தனியாக ஒரு கடிதம் கொடுங்கள். படிப்பதற்கான அனுமதி வேறு, கோப்பைப் பார்ப்பதற்கான அனுமதி வேறு. பலர் இரண்டையும் ஒன்றாக நினைத்து, ஆய்வு தொடங்கும் நேரத்தில் மாட்டிக்கொள்கிறார்கள்.

நேர்முகத்தில் ஆங்கிலத்தில் என்ன கேட்பார்களோ என்று இரவெல்லாம் பயந்திருந்தேன். உள்ளே போனதும் கேட்ட முதல் கேள்வி, "அந்தச் சுற்றறிக்கைகளைப் பார்க்க உங்களை விடுவார்களா?" பையிலிருந்து கடிதத்தை எடுத்து மேசையில் வைத்தேன்.